எதில் உப்பு அதிகம்? எந்தக் கணக்கில்?

மருத்துவமனைக் கட்டிலருகே தொங்கும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய அளவுப்படி ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு லிட்டராகக் கரைத்தால் அதில் சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம் சரக்கு. இரண்டில் எது செறிவான கரைசல்? தராசைக் கேட்டால் ஓ.ஆர்.எஸ். என்று சொல்லும், சலைனைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சோடியம் அயனியை மட்டும் எண்ணினால் சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல், ஓ.ஆர்.எஸ்ஸில் 75, பாதிகூட வரவில்லை. கரைந்திருக்கும் துகள்கள் அத்தனையையும், குளுக்கோஸ் மூலக்கூறு உட்பட, சேர்த்து எண்ணினால் சலைனில் 308, ஓ.ஆர்.எஸ்ஸில் 245. எடையில் ஜெயித்தது எண்ணிக்கையில் தோற்றுவிட்டது. இதில் யாருடைய கணக்கும் தப்பில்லை. மூன்றும் சரியான விடைகள், மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு.

பள்ளி வேதியியலில் செறிவு என்ற பாடம் பெரும்பாலும் அலகு மாற்றும் பயிற்சியாகவே முடிந்துபோகிறது. நிறை சதவீதத்தைக் கொடுத்து மோலாரிட்டி கேட்பார்கள். மோலாரிட்டியைக் கொடுத்து மோலாலிட்டி கேட்பார்கள். நார்மாலிட்டி ஒன்று ஓரமாக வந்துபோகும். சூத்திரம் மனப்பாடமானால் மதிப்பெண் நிச்சயம். இந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இது மாணவர் மனதில் ஒரு தவறான படத்தைப் பதித்துவிடுகிறது: கரைசலுக்குள் 'செறிவு' என்று ஒரே ஒரு பொருள் உட்கார்ந்திருக்கிறது, அதை அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் அளப்பதுபோலப் பல அலகுகளில் அளக்கிறோம் என்ற படம். அங்குலத்தில் நீளமான கயிறு சென்டிமீட்டரில் குட்டையாகிவிடாது. கரைசல்களில் அந்தத் தலைகீழ் மாற்றம் சாதாரணமாக நடக்கிறது. எந்த அலகைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுவே நாம் கேட்கும் கேள்வி என்பதுதான் என் வாதம். கேள்வியைச் சொல்லாமல் இரண்டு உப்புக் கரைசல்களை ஒப்பிட முடியாது.

முதலில் சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் புரிவதாக நினைக்கும் அலகு அதுதான். 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 36 கிராம் சமையல் உப்பைக் கரைத்துக்கொள்ளும். அதற்குமேல் போட்டால் அடியில் தங்கும். அது தெவிட்டிய கரைசல். இதை ஒருவர் 36 சதவீதம் என்று சொல்லலாம், 100 கிராம் தண்ணீருக்கு அத்தனை கிராம் என்பதால். இன்னொருவர் கரைசலின் மொத்த எடை 136 கிராம் என்பதை வைத்து 26.5 சதவீதம் என்பார். மூன்றாமவர் கரைசலை மி.லி.யில் அளப்பவர். இந்தக் கரைசலின் அடர்த்தி மி.லி.க்கு 1.2 கிராமை ஒட்டி இருப்பதால் 100 மி.லி.யில் ஏறத்தாழ 31.7 கிராம் உப்பு இருக்கும். அவர் கணக்கில் 31.7 சதவீதம். ஒரே ஜாடி, ஒரே திரவம், மூன்று சதவீதங்கள். மோலில் சொன்னாலும் இதே கதைதான்: லிட்டர் கரைசலுக்கு 5.4 மோல், கிலோ தண்ணீருக்கு 6.2 மோல். ஒரு ஆய்வுக் குறிப்பில் '30 சதவீத உப்புக் கரைசல்' என்று மட்டும் எழுதியிருந்தால், கரைசலின் எடையை வைத்துப் பார்ப்பவருக்கு அப்படி ஒரு கரைசல் அறை வெப்பத்தில் இருக்கவே முடியாது. கன அளவை வைத்துப் பார்ப்பவருக்கு அது தாராளமாக உண்டு. எதற்கு எத்தனை என்று வகுக்கும் எண்ணைச் சொல்லாத சதவீதம் பாதி வாக்கியம்தான்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். இவையெல்லாம் கெட்டியான கரைசல்களின் பிரச்சினை. நாம் அன்றாடம் கையாளும் நீர்த்த கரைசல்களில் எல்லாச் சதவீதமும் ஒன்றுதானே? எடைக்கும் கன அளவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தவரை இது உண்மை. சலைனின் அடர்த்தி 1.005-ஐ ஒட்டியது, 0.9 சதவீதத்தை எடையில் சொன்னாலும் 0.896 சதவீதம்தான், யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் எடைக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குறையாது. லிட்டருக்கு 10 கிராம் வீதம் மூன்று உப்புகளை, சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, நீரற்ற கால்சியம் குளோரைடு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கரைப்போம். கிராமில் மூன்றும் சமம். மோலார் நிறைகளோ முறையே 58.44, 74.55, 110.98. எனவே மில்லிமோலில் 171, 134, 90. சோடியம் உப்பு முதலிடம், கால்சியம் உப்பு கடைசி. வெள்ளி நைட்ரேட்டை வைத்து மோர் முறையில் குளோரைடைத் தரம்பார்த்தால், கால்சியம் உப்பின் ஒவ்வொரு அலகிலும் இரண்டு குளோரைடு இருப்பதால், வரிசை 171, 134, 180 என்று ஆகிவிடும். கடைசியில் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிட்டது. உறைநிலை எவ்வளவு இறங்கும் என்று பார்க்க வேண்டுமானால் அயனிகள் அனைத்தையும் எண்ண வேண்டும்: 342, 268, 270. இப்போது சோடியம் உப்பு மீண்டும் மேலே. மற்ற இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பத்து கிராம் என்ற ஒரே அளவிலிருந்து மூன்று தரவரிசை. இவை நீர்த்த கரைசல்கள்தான், இன்னும் பத்து மடங்கு நீர்த்தாலும் வரிசைகள் மாறா.

கால்சியம் குளோரைடு புட்டியின் லேபிளில் 'டைஹைட்ரேட்' என்று இருந்தால் கணக்கு இன்னொரு முறை புரளும். படிகத்தோடு ஒட்டியிருக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகளும் எடையில் சேர்வதால் மோலார் நிறை 147 ஆகிறது. 10 கிராமில் இருப்பது 68 மில்லிமோல்தான், குளோரைடு 136. சற்றுமுன் சோடியம் உப்பை முந்திய அதே உப்பு இப்போது பொட்டாசியம் உப்போடு மல்லுக்கட்டுகிறது. எப்சம் உப்பில் இது இன்னும் மோசம், படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர். மயில்துத்தத்திலும் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம் தண்ணீர்தான். ஆய்வகங்களில் கரைசல் தயாரிக்கும்போது வரும் பிழைகளில் கூட்டல் கழித்தல் பிழைகளைவிட, லேபிளின் இந்தச் சின்ன எழுத்தைப் பார்க்காததால் வருபவையே அதிகம் கவலைப்பட வேண்டியவை என்பது என் எண்ணம். ஏனென்றால் கணக்கு சரியாகவே இருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சரி, அப்படியானால் எடையை மறந்துவிட்டு எல்லாவற்றையும் மோலில் சொல்லிவிட்டால் தீர்ந்ததே என்று வேதியியல் படித்தவர் கேட்பார். இந்த மறுப்புக்கு வலு உண்டு. அதற்கு ஓ.ஆர்.எஸ்ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. அப்போது மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் தலைமையில் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து வாய்வழியாகக் கொடுத்தார்கள். கிராமில் பார்த்தால் சர்க்கரைக்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். ஆனால் குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன, தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து போகிறது. அந்த வாயிலுக்கு எடை தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையில் சோடியம் 90, குளுக்கோஸ் 111, மொத்தத் துகள்கள் 311. 2002-இல் அது சோடியம் 75, குளுக்கோஸ் 75, மொத்தம் 245 என்று குறைக்கப்பட்டது. 2.6, 13.5 என்று கோணலாகத் தெரிந்த கிராம் கணக்குக்குள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் ஒளிந்திருப்பது மோலில்தான் வெளியே தெரிகிறது. (உப்பின் சோடியம் 44.5-தான் வருகிறதே என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தால் அவருக்கு என் வணக்கம். மீதி சிட்ரேட்டிலிருந்து வருகிறது. அதன் ஒவ்வொரு அலகிலும் மூன்று சோடியம்.)

ஆனாலும் மோல் எல்லாக் கேள்விக்கும் விடையாகாது. சலைனில் துகள்கள் 308 என்றோம். அது காகிதக் கணக்கு. கருவியில் உறைநிலையை அளந்து பார்த்தால் 287-ஐ ஒட்டித்தான் வரும், இரத்தத்தின் 275 முதல் 295 வரையிலான எல்லைக்குள். எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பதால் அவை முழுச் சுதந்திரமான துகள்களாக நடந்துகொள்வதில்லை. எண்ணினால் 308, செயலில் 287. தவிர, லிட்டரை வைத்துச் சொல்லும் மோலாரிட்டி வெப்பத்துக்கு ஆட்படும். 4 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது தண்ணீரின் கன அளவு ஏறக்குறைய 0.8 சதவீதம் விரிகிறது. உப்பு ஒரு துகள்கூடக் குறையாமலேயே மோலாரிட்டி இறங்கிவிடும். கிலோவை வைத்துச் சொல்லும் மோலாலிட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, உறைநிலை கொதிநிலைக் கணக்குகளில் அது வருவதற்குக் காரணம் இதுதான். பல உப்புகள் கலந்த நீருக்கோ மோலார் நிறை என்று ஒன்றே கிடையாது. கடல் நீரின் மோலாரிட்டி என்ன என்று கேட்டால், எதனுடைய மோலாரிட்டி என்று திருப்பித்தான் கேட்க முடியும்.

தூத்துக்குடி உப்பளங்களில் கேட்கப்படும் கேள்வியே வேறு, அதனால் அலகும் வேறு. அங்கே டிகிரி என்றால் அது வெப்பம் இல்லை, போமே டிகிரி. அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் 1768-இல் வகுத்தது. தூய நீரில் மிதவைமானி நிற்கும் இடம் 0, எடையில் 15 சதவீத உப்புக் கரைசலில் நிற்கும் இடம் 15. கடல் நீர் 3 டிகிரியை ஒட்டி உள்ளே வருகிறது. வெயிலில் காயக் காய ஏறுகிறது, நடுவழியில் ஜிப்சம் படிகிறது, 25 டிகிரியை ஒட்டிச் சமையல் உப்பு படியத் தொடங்குகிறது. 29, 30 டிகிரி வந்தால் மிஞ்சிய கசப்புநீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மக்னீசியம் உப்புகள் படிந்து சரக்கைக் கெடுக்கும். இங்கே கவனிக்க வேண்டியது, 25-க்கு மேல் டிகிரி ஏற ஏறக் கரைசலில் சோடியம் குளோரைடு குறைகிறது. அது படிகமாகிப் பாத்தியின் அடியில் இறங்கிவிட, மக்னீசியம் உப்புகள் மேலே செறிந்து அடர்த்தியைத் தூக்குகின்றன. மானி காட்டும் எண் கூடுகிறது, உப்பு இறங்குகிறது. இதை வைத்து மிதவைமானி பொய் சொல்லும் கருவி என்று முடிவுகட்டுவது படித்தவர்களின் அவசரம். பாத்தியில் நிற்பவருக்கு வேண்டியது சோடியத்தின் மோலாரிட்டி அல்லவே. எப்போது வாருவது, எப்போது நீரை வெளியேற்றுவது என்ற இரண்டு கேள்விக்கும் அடர்த்தி நேராகப் பதில் சொல்கிறது, அதுவும் வெயிலில் நின்றபடியே சில நொடிகளில். அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல அலகு கிடையாது. கசப்புநீரை வாங்கி மக்னீசியம் எடுக்க நினைப்பவர் அதே டிகிரியை நம்பிப் பேரம் பேசினால்தான் ஏமாறுவார்.

இப்போதெல்லாம் அலகு மாற்ற யார் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், கைபேசியில் எண்ணைப் போட்டால் வந்துவிடுகிறதே என்பது இன்னொரு மறுப்பு. வரும்தான். ஆனால் எடைச் சதவீதத்திலிருந்து மோலாரிட்டிக்குப் போக அந்தச் செயலி அடர்த்தி கேட்கும், அல்லது கேட்காமல் தானே 1 என்று வைத்துக்கொள்ளும். தெவிட்டிய உப்புநீரில் அப்படி வைத்துக்கொண்டால் 5.4 வரவேண்டிய இடத்தில் 4.5 வரும். படிக நீர் உண்டா இல்லையா என்பதை அது ஊகிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த அலகில் ஒப்பிட வேண்டும் என்று அதற்குத் தெரியாது; நாம் கேட்டதை மாற்றிக் கொடுக்கும், கேட்க வேண்டியதைச் சொல்லாது.

சாமானியருக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களிடம் அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே திரும்பக் காட்டலாம். கடையில் ஒரு லிட்டருக்கான 21 கிராம் அளவிலான பொட்டலமும் விற்கிறது, 200 மி.லி.க்கான சிறு பொட்டலமும் விற்கிறது. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் அத்தனை எண்ணும் ஐந்து மடங்காகும்: சோடியம் 375, மொத்தத் துகள்கள் 1,225. கடல் நீரையே மிஞ்சும் எண்ணிக்கை அது. குடலுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன கரைசல் உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். குழந்தைக்கு மருந்தின் அளவு குறையவில்லையே, முழுப் பொட்டலமும் போட்டாயிற்றே என்று கிராமை மட்டும் பார்ப்பவருக்கு இதில் ஆபத்தே தெரியாது. வீட்டிலேயே உப்பும் சர்க்கரையும் கலப்பவர்களுக்குக் கரண்டிக் கணக்கு வேறு குறுக்கே நிற்கிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு 6 கிராமை ஒட்டி வரும். பரல் பரலான கல்லுப்பில் இடையே காற்று நிற்கும், ஈரமும் இருக்கும், அதே கரண்டியில் எடை மாறிவிடும். இரண்டும் உப்புதான், இரண்டும் ஒரு கரண்டிதான், கரைசல் மட்டும் ஒன்றில்லை.

கேள்வியை மாற்றாமல் அலகை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குக் கடலறிவியலாளர்களின் நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. அவர்கள் கேள்வி எளியது: ஒரு கிலோ கடல் நீரில் எத்தனை கிராம் உப்பு? காய்ச்சி எடைபோட்டால் போயிற்று என்று தோன்றும். ஆனால் சூடேற்றினால் மக்னீசியம் குளோரைடு சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடாக ஒரு பகுதியை இழக்கும், பைகார்பனேட் கரியமில வாயுவை இழக்கும். மிஞ்சும் எடை நம்பத்தக்கதில்லை. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்து, மொத்த உப்பு கூடினாலும் குறைந்தாலும் முக்கிய அயனிகளுக்கிடையேயான விகிதம் பெரிதாக மாறுவதில்லை என்று 1884-இல் உறுதிசெய்தார். அப்படியானால் குளோரைடை மட்டும் அளந்தால் போதும். 1901-இல் மார்ட்டின் நுட்சன் அதற்குச் சூத்திரம் தந்தார்: குளோரின் அளவை 1.805-ஆல் பெருக்கி 0.03 கூட்டு. குளோரைடே இல்லாத நீருக்கும் அந்தச் சூத்திரம் 0.03 உப்பு சொல்லும். ஆற்று நீர் கலந்த பால்டிக் கடலின் மாதிரிகளை வைத்து வகுத்ததன் தழும்பு அது.

அதன்பின் வெள்ளி நைட்ரேட்டை விட்டு மின்கடத்துதிறனுக்கு மாறினார்கள். 1978-ஆம் ஆண்டின் அளவுகோலில் உவர்ப்பு என்பது கிராமே இல்லை, அலகே இல்லாத வெறும் விகிதம். 15 டிகிரியில், ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு கொண்ட கரைசலுக்கு நிகராக மின்சாரத்தைக் கடத்தும் கடல் நீரின் உவர்ப்பு 35 என்று வைத்துக்கொண்டார்கள். அளப்பது சுலபம், கப்பலிலிருந்து கருவியை இறக்கினால் ஆழம் ஆழமாக எண் வந்துகொண்டே இருக்கும். ஆனால் கடல் நீரோட்டத்தைக் கணிக்க வேண்டியது அடர்த்தி. அடர்த்திக்கு வேண்டியது கிராம். எனவே 2010-இல் வந்த புதிய முறை கிராமுக்கே திரும்பியது. அதன்படி உவர்ப்பு 35 என்று கருவி காட்டும் அடிப்படைக் கடல் நீரில் கிலோவுக்கு உண்மையில் இருப்பது 35.165 கிராம். வட பசிபிக்கின் ஆழ்நீரில் இதுவும் போதாது. அங்கே சிலிசிக் அமிலம் அதிகமாகக் கரைந்திருக்கிறது. அதற்கு எடை உண்டு, பெரும்பகுதி மின்னூட்டமற்றது என்பதால் மின்கடத்துதிறன் மானியின் கண்ணில் அது படுவதே இல்லை. ஆகவே அந்த நீரின் உவர்ப்பைச் சொல்ல, கருவி தரும் எண்ணோடு அது எந்தக் கடலில், எந்த ஆழத்தில் எடுத்தது என்பதையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.